சீக் பாருக்கு மேலே ஒரு மேடு: பாட வீடியோ ப்ளேயரில் மறுபார்வை கிராஃப் சேர்த்த கதை

"கிளாஸ்ல நின்னா பிள்ளைங்க முகத்தைப் பாத்தே தெரிஞ்சிடும் தம்பி, புரிஞ்சுதா இல்லையான்னு. இந்தக் கேமரா முன்னாடி நின்னு பேசினா யார் முகத்தைப் பாக்குறது?"

இயற்பியல் எடுக்கும் டீச்சர் ஒருவர் இப்படிக் கேட்டதில்தான் இந்த வேலை தொடங்கியது. பத்து முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களைத் தமிழ்வழியில் வீடியோவாகப் போடும் ஒரு சிறிய தளத்துக்கு நான் வெப் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு பாடமும் அரை மணி, முக்கால் மணி நீளம். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் செய்யக்கூடியது அதிகம் இல்லை. கூடினால் சந்தோஷம், குறைந்தால் வருத்தம், அவ்வளவுதான். பிள்ளைகள் எந்த இடத்தில் திணறினார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்தை மறுபடி எடுக்கலாம்.

அதனால் ப்ளேயரின் சீக் பாருக்கு, அதாவது வீடியோவை முன்னும் பின்னும் தள்ள இழுக்கும் கோட்டுக்கு, மேலே ஒரு கிராஃப் வைப்பது என்று முடிவு செய்தோம். மாணவர்கள் பின்னால் தள்ளித் திரும்பத் திரும்பப் பார்த்த இடங்கள் அதில் மேடாகத் தெரியவேண்டும். யூடியூப் இப்படி ஒன்றை 2022 மே மாதம் பொதுப் பயனர்களுக்குக் கொண்டுவந்தது. அதனால் டீச்சருக்கு நான் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"யூடியூப்ல கோட்டுக்கு மேல மலை மாதிரி வருமே, அதுவா?"

"அதேதான் டீச்சர்."

மலையை வரைந்து முடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த மலை உண்மையைச் சொல்லும்படி ஆக்க இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. வரைந்த கதையைவிடப் பார்த்த தடவைகளை எண்ணிய கதைதான் இங்கே நீளமாக இருக்கும்.

ப்ளேயரும் பிளகினும்

தளத்தில் ஓடுவது வீடியோ.ஜேஎஸ். ஸ்டீவ் ஹெஃபர்னன் 2010இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் ப்ளேயர் அது. பிரவுசரின் சொந்த வீடியோ எலிமென்ட்டின் மேல் தன் பட்டன்கள், சீக் பார், சப்டைட்டில் எல்லாவற்றையும் சாதாரண எச்டிஎம்எல்லாகவே கட்டி வைத்திருக்கிறது. அதனால் நமக்கு வேண்டியதை நடுவில் சொருகுவது எளிது.

இப்படிச் சொருகும் துணை நிரல்தான் பிளகின். அதை எழுத இரண்டு வழி உண்டு. வெறும் ஃபங்ஷனாக எழுதிப் பதிவு செய்யலாம். ப்ளேயர் கையில் கிடைக்கும், வேண்டியதைச் செய்துகொள்ளலாம். அல்லது நிரலாக்கத்தில் சொல்லும் கிளாஸாக எழுதலாம். அப்போது பிளகினுக்கென்று சொந்த நிலை, சொந்த நிகழ்வுகள், ப்ளேயர் அழியும்போது தானும் சுத்தமாக அழியும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து வரும். நான் முதலில் ஃபங்ஷனாக எழுதினேன். எங்கள் தளத்தில் ஒரு பாடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் பக்கம் முழுதாக லோட் ஆகாது. பழைய ப்ளேயர் போய்ப் புதிய ப்ளேயர் வரும். டாக்குமென்ட்டில் நான் மாட்டிய லிசனர் (ஒரு நிகழ்வு வருகிறதா என்று காத்திருக்கும் நிரல்) மட்டும் போகாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து பாடம் தாண்டினால் ஐந்து லிசனர், ஐந்தும் சர்வருக்கு எதையாவது அனுப்பப் பார்க்கும். கிளாஸாக மாற்றி, அழியும் இடத்தில் லிசனரைக் கழற்றியதும் அது நின்றது. இதில் கிராஃப் போடும் வேறு யாராவது இதைப் படித்தால், முதல் நாளே கிளாஸாக எழுதிவிடுங்கள்.

பிளகினுக்குள் இரண்டு வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்தேன். ஒன்று எண்ணும், மாணவர் பக்கத்தில் ஓடுவது. இன்னொன்று வரையும், ஆசிரியர் பக்கத்தில் ஓடுவது. ஆரம்பத்தில் இரண்டும் எல்லோருக்கும் ஓடும் என்றுதான் திட்டம். அது ஏன் மாறியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்ணுவது எப்படி

நேரத்தை ஐந்து விநாடிக் கட்டங்களாக வெட்டினோம். நாற்பது நிமிடப் பாடத்துக்கு 480 கட்டம். வீடியோ எவ்வளவு நீளமானாலும் நூறு துண்டு என்று வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஆனால் நாற்பது நிமிடத்தை நூறாக வெட்டினால் ஒரு துண்டு 24 விநாடி வரும். 24 விநாடிக்குள் ஓர் ஆசிரியர் ஒரு சமன்பாட்டை எழுதி, அழித்து, அடுத்ததைத் தொடங்கியிருப்பார். எங்கே தடுக்கியது என்று கண்டுபிடிக்க அது போதாது.

ஒரு மாணவர் எந்தெந்தக் கட்டத்தை எத்தனை தடவை ஓடவிட்டார் என்று தெரியவேண்டும். வீடியோ எலிமென்ட்டிலேயே 'ப்ளேய்டு' என்று ஒரு பண்பு இருக்கிறது. இதுவரை ஓடிய நேர வரம்புகளின் பட்டியல் அது. பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, பிரவுசரே எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறதே என்று. எழுதி, ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரே நிமிடத்தை மூன்று தடவை பார்த்தாலும் அது ஒரு வரம்பைத்தான் காட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக விழும் வரம்புகளை அது சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறது; விதியே அப்படித்தான். எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்பதற்கு அது நல்ல விடை. எத்தனை தடவை என்ற எங்கள் கேள்விக்கு அதில் விடையே கிடையாது.

அடுத்து 'டைம்அப்டேட்' நிகழ்வு. வீடியோ ஓடும்போது பிரவுசர் இதைத் திரும்பத் திரும்ப எழுப்பும். இடைவெளி அதிகபட்சம் 250 மில்லிவிநாடி அளவில் இருக்கும் என்பது தரநிலை. ஒவ்வொரு முறையும் இப்போதைய நேரத்திலிருந்து முந்தைய நேரத்தைக் கழித்தால் பார்த்த நீளம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். நேராக ஓடவிட்டால் கணக்கு சரியாகவே வந்தது. சீக் பாரைப் பிடித்து இழுத்தேன், குட்டிச்சுவர். இழுக்க இழுக்க நேரம் தாவும். தாவிய இடத்திலும் டைம்அப்டேட் எழும். மூன்றாவது நிமிடத்திலிருந்து பன்னிரண்டாவது நிமிடத்துக்கு இழுத்தால் நடுவில் உள்ள ஒன்பது நிமிடமும் பார்த்ததாகப் பதிவாகியது.

கழித்தலை விட்டுவிட்டு ஓட்டத் துண்டாகப் பிடித்தேன். வீடியோ ஓடத் தொடங்கும் இடம் ஒரு முனை. நிறுத்தினாலோ, தாவினாலோ, முடிந்தாலோ மறுமுனை. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'சீக்கிங்' நிகழ்வு நம் கைக்கு வரும்போது ப்ளேயரின் நேரம் ஏற்கெனவே புதிய இடத்துக்குப் போயிருக்கும். தாவுவதற்கு முன் எங்கே இருந்தோம் என்று அப்போது கேட்டால் பதில் இல்லை. அதற்காக, தாவாத வேளையில் வரும் ஒவ்வொரு டைம்அப்டேட்டின்போதும் நேரத்தை ஓரமாகக் குறித்து வைத்து, துண்டின் மறுமுனையாக அந்தக் குறிப்பையே எடுத்துக்கொண்டேன். கால் விநாடி பிசகலாம். ஐந்து விநாடிக் கட்டத்தில் கால் விநாடி ஒன்றும் செய்யாது. துண்டு எந்தெந்தக் கட்டங்களின் நடுப்புள்ளியைக் கடந்ததோ அந்தக் கட்டங்களுக்கு ஒன்று கூட்டுவது என்று வைத்தோம். பாதிக் கட்டம், கால் கட்டம் என்று பின்னங்களைத் தூக்கிச் சுமக்கவில்லை.

படிக்கட்டு

சேர்த்த கணக்கைச் சர்வருக்கு எப்போது அனுப்புவது? மாணவர் பக்கத்தை மூடும்போது என்றுதான் முதலில் தோன்றும். மொபைலில் அது நம்ப முடியாத வேளை. பெரும்பாலோர் பிரவுசரை மூடுவதில்லை. வேறு ஆப்புக்குப் போய்விடுவார்கள், பிறகு ஃபோனே பின்னணியில் அதைக் கொன்றுவிடும். பக்கம் கண்ணிலிருந்து மறையும் நேரத்தில் அனுப்புவதுதான் வழி. அதைச் சொல்லும் 'விசிபிலிட்டிசேஞ்ச்' நிகழ்வு வந்ததும், பிரவுசரே பின்னணியில் அனுப்பிவைக்கும் 'சென்ட்பீக்கன்' வழியாக அனுப்பினால், பக்கம் செத்தாலும் தகவல் போய்ச் சேரும். ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை இடம் உண்டு. 480 சின்ன எண்களுக்கு அது ஏராளம்.

இரண்டு வாரம் ஓடியது. கிராஃப் வந்தது. எல்லாப் பாடத்திலும் இடது பக்கம் உயரம், வலது பக்கம் போகப் போகச் சரிவு. பார்வையாளர்கள் நடுவில் கழன்றுகொள்வது எல்லா வீடியோவுக்கும் உள்ளதுதான், அதனால் நானும் சந்தேகப்படவில்லை. டீச்சர்தான் விடவில்லை.

"இவ்வளவு பேரா தம்பி முதல் அஞ்சு நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாக்குறாங்க? அதுல நான் பாடத் தலைப்பைத்தானே சொல்றேன்?"

என் ஃபோனை எடுத்து நானே மாணவனாக உட்கார்ந்தேன். இருபது விநாடி பார்த்தேன், வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பினேன். இன்னும் இருபது விநாடி, மறுபடி வாட்ஸ்அப். இன்னும் இருபது, மறுபடி. ஒரு நிமிடத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். சர்வரில் அந்தப் பன்னிரண்டு கட்டங்களைத் திறந்தால் இப்படி இருந்தது: 3, 3, 3, 3, 2, 2, 2, 2, 1, 1, 1, 1.

படிக்கட்டு போல இறங்கும் அந்த எண்களைப் பார்த்த கணத்தில் புரிந்துவிட்டது. பக்கம் மறையும் ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்த மொத்தக் கணக்கையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். சர்வர் வந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தது. நடுநடுவே மெசேஜ் பார்க்கும் பிள்ளையின் முதல் சில நிமிடங்கள் பத்துத் தடவை பார்த்ததாக ஏறியிருக்கும். கடைசியாக அனுப்பியதற்குப் பிறகு கூடியதை மட்டும் அனுப்பும்படி மாற்றினேன். இரண்டு வாரத்துத் தரவைத் திருத்த வழி இல்லை, அழித்தோம். ஆசிரியர்களிடம் போய், இதுவரை நீங்கள் பார்த்த கிராஃபை நம்பாதீர்கள், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் சத்தம் போடாமல் மாற்றியிருந்தால், ஒருவராவது தன் பாடத்தின் தொடக்கம் சரியில்லை என்று நினைத்து வருந்தியபடியே இருந்திருப்பார்.

தடவையா, ஆளா

படிக்கட்டு போன பிறகும் சரிவு இருந்தது, கொஞ்சம் மென்மையாக. இது உண்மையான சரிவு. தொடங்கியவர் எல்லோரும் முடிப்பதில்லை. ஆனால் டீச்சர் கேட்ட கேள்விக்கு இந்தச் சரிவு இடைஞ்சல். முப்பதாவது நிமிடத்தில் இருபது பேர்தான் மிச்சம், அந்த இருபது பேரும் ஓர் இடத்தை மூன்று தடவை பார்க்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் அறுபது ஓட்டம். முதல் நிமிடத்தில் நூறு பேர் ஆளுக்கு ஒரு தடவை பார்த்தால் நூறு ஓட்டம். கிராஃபில் முதல் நிமிடம் மேடு, முப்பதாவது நிமிடம் பள்ளம். திணறல் முழுக்க அந்தப் பள்ளத்தில் ஒளிந்து கிடக்கும்.

அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எண் வைத்தோம். எத்தனை ஓட்டம் என்பது ஒன்று, எத்தனை ஆள் என்பது இன்னொன்று. முன்னதைப் பின்னதால் வகுத்தால் அந்த இடத்தைத் தொட்டவர் சராசரியாக எத்தனை தடவை பார்த்தார் என்று வரும். முதல் நிமிடத்துக்கு 1, முப்பதாவது நிமிடத்துக்கு 3. யார் எங்கே கழன்றார்கள் என்ற சரிவு முற்றிலும் கழிந்து, திரும்பிப் பார்த்த இடம் மட்டும் எழுந்து நின்றது. இந்த ஒரு வகுத்தல்தான் இந்தப் பிளகினின் உயிர் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய சுவர்.

ஆளை எண்ணவேண்டுமென்றால் ஆளை அடையாளம் காண வேண்டாமா? இங்கே நாங்கள் நெடுநேரம் பேசினோம். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் 18 வயதுக்குக் கீழ். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்வதையும் அவர்கள் நடத்தையைக் கண்காணிப்பதையும் அதன் 9ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பிள்ளை ஒரே கணக்கை ஏழு தடவை ஓட்டிப் பார்த்தது என்பது அந்தப் பிள்ளைக்கும் கணக்குக்கும் நடுவில் உள்ள சங்கதி. அதைப் பெயர் போட்டு யாரும் படிக்கவேண்டியதில்லை.

எனவே பெயர், லாகின், குக்கி எதையும் எண்ணும் பகுதி தொடாது. பக்கம் திறந்ததிலிருந்து மூடும் வரை ஓர் ஆள். ஒரு கட்டத்தை முதன்முதலாகத் தொட்டாரா என்பதைப் பிரவுசரே தன் நினைவில் வைத்திருந்து, முதல் தடவையானால் ஆள் கணக்கில் ஒன்று கூட்டச் சொல்லி அனுப்பும். சர்வரில் தங்குவது பாடத்துக்கு இரண்டு எண் வரிசை மட்டுமே. இதில் ஓர் இழப்பு இருக்கிறது. நேற்றுப் பார்த்ததையே இன்று ரிவிஷனுக்காக மறுபடி பார்க்கும் மாணவர் புது ஆளாகிவிடுவார், அவர் திரும்பிப் பார்த்தது கணக்கில் ஏறாது. தெரிந்தேதான் விட்டோம். ஒரே உட்காரலில் பின்னால் தள்ளிப் பார்ப்பதுதான் திணறலுக்கு நெருக்கமான அடையாளம். ரிவிஷன் வேறு விஷயம்.

வரைந்தது

பிரவுசரில் படம் வரைய, புள்ளிகளாக வரையும் கேன்வாஸா, கோடுகளாக வரையும் எஸ்விஜியா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. கேன்வாஸில் வரைந்தால் ஃபோனைச் சாய்க்கும்போதும் முழுத்திரைக்குப் போகும்போதும் அளவு பார்த்து மறுபடி வரையவேண்டும். திரையின் பிக்சல் அடர்த்திக்கேற்பப் பெருக்கவில்லை என்றால் மங்கும். எஸ்விஜியில் ஒரே ஒரு பாதை. பார்வைப் பெட்டியைக் கொடுத்து, விகிதம் காக்காதே என்று சொல்லிவிட்டால் அகலம் எப்படி மாறினாலும் தானே நீண்டு சுருங்கும்.

வளைவுக்கு முதலில் டி3 எடுத்தேன். தரவைப் படமாக வரையும் வேலையில் 2011இலிருந்து அடிப்படைக் கருவி அது. முழுதையும் ஏற்றாமல் வடிவங்களுக்கான பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எந்த வளைவு வகையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். சில வகைகள் அழகாக வளைவதற்காகத் தரவுக்கு வெளியே போய் வரும், மேட்டுக்கு இருபுறமும் இல்லாத பள்ளம் காட்டும். புள்ளிகளுக்கு இடையில் ஏறினால் ஏற்றம், இறங்கினால் இறக்கம் என்று மட்டும் போகும் மோனோடோன் வகைதான் இதற்குச் சரி. கடைசியில் அதையும் எடுத்துவிட்டு நேர்கோடுகளாக நானே பாதை எழுதினேன். ஆறு அங்குல ஃபோனில் 480 கட்டம் நேர்கோடாக வந்தாலும் கண்ணுக்கு வளைவுதான். மாதச் செலவைப் பார்த்து டேட்டா போடும் வீட்டில் ஒவ்வொரு கிலோபைட்டும் கணக்கு.

மிருதுவாக்குவதில் கொஞ்சம் கைவைத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் இருமடங்காக்கி, இருபுறமும் உள்ளவற்றைச் சேர்த்து நாலால் வகுப்பது. 0, 0, 8, 0, 0 என்று இருந்தால் 0, 2, 4, 2, 0 ஆகும். கூர் மழுங்கி உயரம் பாதியாவதைக் கவனியுங்கள். ஒரு தடவைக்கு மேல் இதைச் செய்தால் உண்மையான மேடும் குன்றிப்போகும். ஒரு தடவையோடு நிறுத்தினேன்.

உயரத்தில் பெரிய பிழை ஒன்று செய்திருந்தேன். வரும் எண்களில் எது பெரியதோ அதை உச்சமாக வைத்து வரைந்தேன். ஒரு பாடத்தில் யாருமே அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாக் கட்டமும் 1.02, 1.05 என்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த 1.05 உச்சம் தொட்டு மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி நிற்கும். ஆசிரியர் பதறிப்போவார். இப்போது அடி எப்போதும் 1. உச்சம் குறைந்தது 2. அதற்கு மேல் போனால்தான் அளவுகோல் நீளும். தெளிவான பாடத்துக்குத் தட்டையான கோடு வருகிறது, வரவேண்டியதும் அதுதான். முப்பது ஆள் தாண்டாத பாடத்துக்குக் கிராஃபே வராது. "இன்னும் போதுமான பேர் பார்க்கவில்லை" என்ற ஒரு வரி வரும்.

இடம் பிடிப்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. ப்ளேயரின் அடிப்பட்டைக்கு மேலே முழு அகலத்துக்குக் கிராஃபைப் போட்டேன். அழகாக இருந்தது. ஆனால் சீக் பார் அந்த அகலம் முழுக்க இல்லை; இடப்பக்கம் ப்ளே பட்டனும் ஒலி பட்டனும், வலப்பக்கம் மீதி நேரமும் முழுத்திரை பட்டனும் இருக்கின்றன. மேட்டுக்கு நேர் கீழே கிளிக் செய்தால் வேறு இடம் ஓடியது. கிராஃபைச் சீக் பாரின் குழந்தையாகவே உள்ளே வைத்ததும் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. கிளிக்கை விழுங்காமல் கீழே விடும்படி, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்த்தேன். உடனே அடுத்த கோளாறு. மவுஸைக் கொண்டுபோனால் மலை திடீரென்று குதித்து உயர்ந்தது. வீடியோ.ஜேஎஸ்ஸின் இயல்பான தோற்றத்தில், மவுஸ் மேலே வந்தால் சீக் பார் தடிக்கவேண்டும் என்பதற்காக அதன் எழுத்தளவை 1.666 மடங்கு ஆக்குகிறார்கள். நான் கிராஃப் உயரத்தை அந்த எழுத்தளவின் விகிதத்தில் கொடுத்திருந்தேன். பிக்சலில் மாற்றியதும் அடங்கியது.

சப்டைட்டில் கிராஃபுக்குள் மூழ்கியது இன்னொன்று. தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே உகரச் சுழியும் உண்டு. கொஞ்சம் மறைந்தாலே வார்த்தை மாறிவிடும். கிராஃப் தெரியும்போதெல்லாம் சப்டைட்டிலை மேலே தள்ளினோம். ஐஃபோனில் முழுத்திரைக்குப் போனால் கருவியின் சொந்த ப்ளேயர் வந்துவிடுவதால் நம் கிராஃப் அங்கே தெரியாது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

படம் கண்ணால் பார்ப்பவருக்கு மட்டும்தான். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் அந்தப் பாதையை வாசிக்க முயன்று குழம்பாதபடி மறைத்துவிட்டு, வீடியோவுக்குக் கீழே அதிகம் திரும்பிப் பார்க்கப்பட்ட மூன்று இடங்களை நேரத்தோடு வரிகளாகக் கொடுத்தேன். பார்வையற்ற ஆசிரியர் ஒருவருக்காகச் செய்தது. இப்போது ஆசிரியர்கள் அத்தனை பேரும் முதலில் பார்ப்பது அந்த மூன்று வரிகளைத்தான்.

12:35

கணக்கு சரியான பின் வந்த முதல் உண்மையான மேடு, பன்னிரண்டாம் வகுப்புக் கதிர் ஒளியியல் பாடத்தில், 12:35 பக்கம். மற்ற இடமெல்லாம் ஒன்றை ஒட்டிக் கிடக்க, அங்கே மட்டும் கூராக நின்றது.

டீச்சர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "குறி மாத்துற இடமா இருக்கும் தம்பி. வருஷா வருஷம் அங்கதான் மாட்டுவாங்க. லென்ஸ்ல பொருள் தூரத்துக்கு மைனஸ் போடணும்னா மண்டையில ஏறாது." இன்னொரு கணக்குச் சேர்த்து விளக்குகிறேன் என்றார்.

ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றேன். இருவரும் பார்த்தோம். பொருள் −20 செ.மீ., குவியத் தொலைவு +15 செ.மீ. அவர் வாயால் தெளிவாகச் சொல்கிறார், பலகையில் எழுதுகிறார்: 1/15, அடுத்து 1/20, விடை 1/60, ஆக பிம்பம் 60 செ.மீ. தள்ளி. முதல் தடவை எனக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மேட்டின் உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் யாரும் குழம்பிய கணத்துக்குச் சரியாகத் திரும்புவதில்லை. பத்து விநாடி பட்டனை அழுத்துவார்கள், பத்தாவிட்டால் இன்னொரு தடவை. அதனால் மேடு குழப்பத்துக்கு முன்னாலேயே தொடங்கி, குழப்பம் தீரும் இடத்தில் இறங்குகிறது. பார்க்கவேண்டியது உச்சியை அல்ல, வலது சரிவை. அந்தச் சரிவில் நிறுத்தினோம்.

1/15க்கும் 1/20க்கும் நடுவில் உள்ள கழித்தல் குறியை அவருடைய தோள் மறைத்திருந்தது. எழுதி முடித்து அவர் விலகும்போது கேமரா ஏற்கெனவே விடையின் மேல் போய்விட்டது. கூட்டினால் 7/60 வரும், கழித்தால்தான் 1/60. பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்து, விடை வராமல், பின்னால் தள்ளித் தள்ளித் தேடியிருக்கிறார்கள், அந்தத் தோளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கிளாஸா இருந்தா, 'மிஸ், மறைக்குது'ன்னு யாராச்சும் கத்தியிருப்பாங்க" என்றார்.

வீடியோ மாறினால்

அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எடுத்தார். எடிட் செய்தவர் தொடக்கத்தில் இருந்த நாற்பது விநாடி அறிமுகத்தையும் வெட்டிவிட்டார், நல்லதுதான். புது வீடியோ ஏறியதும் பழைய மேடுகள் எல்லாம் எட்டுக் கட்டம் வலது பக்கம் தள்ளி நின்றன. தரவு பாடத்தோடு கட்டப்பட்டிருந்தது, வீடியோ கோப்போடு இல்லை. இப்போது கோப்பு மாறினால் கணக்கு புதிதாகத் தொடங்கும். பழையதைத் தூக்கி எறிவதில்லை, பழைய கோப்பின் பெயரில் தனியே இருக்கும். இரண்டையும் ஒப்பிட ஆசிரியர்களுக்கு அது தேவைப்படுகிறது.

மாணவருக்கும் காட்டலாமா?

காட்டினால் நல்லது என்று வாதாடியவர்கள் உண்டு. தான் தடுக்கிய இடத்தில் பலரும் தடுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் பிள்ளைக்கு ஆறுதல். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேட்டைக் கண்டால் கை அங்கே போகும். பரீட்சைக்கு முதல் நாள், மேடு உள்ள இடத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று தோன்றும். போன ஒவ்வொருவரும் அந்த மேட்டை இன்னும் உயர்த்திவிட்டு வருவார்கள். பிறகு அது திணறிய இடமா, எல்லோரும் போகிறார்கள் என்று எல்லோரும் போன இடமா என்று பிரிக்க முடியாது. பொழுதுபோக்குத் தளத்துக்கு இது பரவாயில்லை, இரண்டும் அங்கே ஒன்றுதான். ஆசிரியர் ஒருவர் இதைப் பார்த்துத் தன் பாடத்தை மாற்றப்போகிறார் என்றால் கலப்படம் கூடாது. அதனால் கிராஃப் ஆசிரியர் பக்கத்தில் மட்டும் வரும் என்று முடிவானது. ஆசிரியர்கள் தாமே பார்ப்பதும், கீழே உள்ள மூன்று வரிகளைத் தட்டி ஓடவிடுவதும் எண்ணிக்கையில் சேராது.

புது வீடியோவுக்கு முதல் சில நாள் "இன்னும் போதுமான பேர் பார்க்கவில்லை" என்றே வந்தது. டீச்சர் தினம் காலையில் ஃபோன் போட்டு, "வந்துச்சா தம்பி?" என்பார். ஒரு திங்கட்கிழமை வந்தது. குறி மாறும் இடம் படுத்துவிட்டது. அதற்கு இரண்டு நிமிடம் முன்னால், தூரத்தை லென்ஸின் எந்தப் பக்கத்திலிருந்து அளக்கவேண்டும் என்று வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லும் இடத்தில் சின்னதாக ஒன்று எழுந்திருந்தது. பழைய வீடியோவிலும் அது இருந்திருக்கிறது, பெரியதன் பக்கத்தில் கண்ணில் படவில்லை.

டீச்சர் அங்கே நிறுத்தி, மேட்டின் வலது சரிவு வரை ஓட்டினார். பலகையில் ஒன்றும் மறையவில்லை, சத்தமும் தெளிவு.

"இது நிஜமாவே கஷ்டமான இடம்தான். இதுக்கு அம்புக்குறி போட்டு ஒரு படம் வேணும்" என்று சொல்லிவிட்டு, கையில் இருந்த பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் லென்ஸை வரைய ஆரம்பித்தார்.